எச்சரிக்கைப் பெட்டி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாக்புக் என்ற குறியீட்டு வடிவத்தில் எழுதிய பழைய தொழில்நுட்பக் கையேடுகளை ஒரே கட்டளையில் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரப் பராமரிப்புக் கையேடு எழுதுவதே என் தொழில். அதனால் இதை எழுதுகிறேன்.

கட்டளை ஒன்றுதான், மறுக்கவில்லை. ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006-இல் வெளியிட்ட, ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் மென்பொருளை நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். இலவசமாகக் கிடைக்கும் அரிய கருவி அது. ஆனால் செறிவான வடிவத்திலிருந்து மாற்றும்போது இழப்பு இருக்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. கட்டுரையில் அந்தச் செய்தி இல்லை.

எது இழப்பு? டாக்புக் வடிவத்தில் குறிப்பு, எச்சரிக்கை போன்றவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அப்படி எதுவும் கிடையாது. அண்மையில் மாற்றம் செய்யப்பட்ட ஒரு பம்ப் கையேடு என் பார்வைக்கு வந்தது. 'மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்' என்ற எச்சரிக்கை, பெட்டியும் தலைப்பும் போய், முந்தைய படியின் விளக்கத்தோடு சாதாரணப் பத்தியாக ஒட்டிக்கிடந்தது. ஒரு சொல்கூட விடுபடவில்லை. ஆனால் கையில் ஸ்பேனரோடு நிற்பவர் கண்ணில் அது படவே படாது. எழுத்துப்பிழை திருத்துபவருக்கும் இது பிடிபடாது, சொற்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன!

அட்டவணையிலும் இதே கதைதான். இரண்டு போல்ட்டுகளுக்குப் பொதுவான முறுக்குவிசையை, மூலத்தில் இரு வரிசைகளை இணைத்த ஒரே கட்டத்தில் எழுதியிருப்போம். செங்குத்துக் கோடு போட்டு எழுதும் மார்க்டவுன் அட்டவணையில் கட்டங்களை இணைக்க வழியில்லை. எண் முதல் வரிசையில் நின்றுவிட்டால், இரண்டாவது போல்ட்டுக்கு நேரே வெற்றிடம்தான்.

பிறகு வேண்டுமானால் திரும்ப டாக்புக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறது கட்டுரை. இதை ஏற்கவே முடியாது. டாக்புக்கில் கோப்புப் பெயர், கட்டளை, மாறி (variable) ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. மார்க்டவுனுக்கு வந்ததும் மூன்றும் கணினி நிரலுக்கான (code) ஒரே குறியீட்டில் அடங்கிவிடும். எது கோப்பு, எது கட்டளை என்று திரும்பும்போது எந்த மென்பொருளுக்குத் தெரியும்? சிறுதானியங்களை ஒரே சாக்கில் கொட்டியபின் பிரித்தெடுப்பது போன்ற வேலை அது, மனிதர்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

டாக்புக்கிலேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணங்கள் 2016-இல் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வடிவத்துக்கு மாறத் தொடங்கின. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆவணங்கள் 2021-இல் ஆஸ்கிடாக் வடிவத்துக்கு மாறின. இந்த இரு வடிவங்களும் சாதாரண எடிட்டரில் எழுதக்கூடியவை, இரண்டிலும் எச்சரிக்கைக்குத் தனி இடம் உண்டு. மூலத்தில் என்னென்ன குறியீடுகள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்த்து, அவற்றுக்கு இடமிருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றியபின் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சிறு நிரல் ஒன்று போதும். அட்டவணைகளை மட்டும் இயந்திரம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும், அதில் குறுக்குவழி இல்லை.

அந்தக் கட்டுரையை நம்பி இன்றே மாற்றத்தைத் தொடங்குபவர்கள் இருப்பார்கள். மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம் என்றாவது அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கையேடு எழுதும் வாசகர் ஒருவர்