மின்சார குட்டியானை ஒப்படைப்பு: ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். சங்கத்தின் மின்சார குட்டியானையை (சின்ன சரக்கு வண்டி) வேளச்சேரி முதியோர் இல்லத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறோம். ஞாயிறு காலை 10 மணி, பி பிளாக் பார்க்கிங்.

1. செயலர், பொருளாளர் கையெழுத்திட வேண்டிய பெயர் மாற்றப் படிவங்கள்: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. கடன் முடிந்தும் ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) வங்கிப் பெயர் அப்படியே இருக்கிறது. வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் சனிக்குள் கைக்கு வரணும், இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாறாது.

2. ஞாயிறன்று கையெழுத்தும் ஒப்படைப்பும் பேப்பரில்தான்; ஆர்.சி. மாறும்வரை வண்டி நம் இடத்திலேயே நிற்கட்டும். அதற்குள் விபத்து என்றால் கேஸ் நம் மேல்தான்.

3. சார்ஜ் 50 சதவீதம் போதும். காலியாக வாரக்கணக்கில் நின்றால் பெரிய பேட்டரி அடியோடு இறங்கி, பிறகு சார்ஜே ஏறாது. 12 வோல்ட் சின்ன பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள்.

4. வண்டியோடு கொடுக்க வேண்டியவை: சார்ஜர், இரண்டு சாவி, பேட்டரி வாரண்டி தாள். (சார்ஜர் கேபிள் யார் வீட்டில்? மழைக்கு முன் மீட்டர் அறையில் தொங்கியது.)

5. ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் டோல் நம் கணக்கில் போகும்.

6. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை அவர்கள் மாற்றிக்கொள்ளணும், கையெழுத்தின்போதே சொல்லிவிடுங்கள்.

80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை) கேட்பவர்களுக்கு: பொருளாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது.

வருபவர்கள் வெள்ளி இரவு 9-க்குள் பிளாட் எண்ணுடன் பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் வேண்டாம்.