வெள்ளத்துக்கு முன் ஒரு அரை மணி நேரம்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

போன மழையில் "குடிநீரில் விஷம்" என்ற ஃபார்வர்டு ஒரே இரவில் இந்தக் குழுவில் ஏழு முறை வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்ன ஒரே செய்தி அதற்கடியில் புதைந்துபோனது. ஃபார்வர்டு பண்ணியவர்களில் நானும் ஒருத்தி. சரி, இந்த முறை முன்கூட்டியே பேசிவிடுவோம்.

வரும் ஞாயிறு, மாலை 5 மணி, மொட்டை மாடி.

1. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் வேண்டாம்.
2. வெள்ளத்தின்போது சுகாதாரத் துறை அறிவிப்பு மட்டும், தேதி, நேரத்தோடு. குரல் பதிவாகவும் போடுங்கள். எல்லாருக்கும் படிக்க வராது.
3. ஜெனரேட்டர் வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.
4. தண்ணீர் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்கட்டும்.
5. வெள்ளநீரில் நடந்தவருக்கு அப்புறம் காய்ச்சல் வந்தால், நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெள்ளநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 4 வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். போன தடவை பலர் இதைச் சொல்லவேயில்லை.

வருகிறவர்கள் சனி இரவு 9 மணிக்குள் "வருகிறேன்" என்று பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது!