மாணவியரின் மலச்சிக்கல் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வகுப்பு நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வரும் மாணவியரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தால், பலர் தலையைக் குனிந்தபடி சொல்வது ஒன்றுதான்: "மூன்று நாளாகப் போகவில்லை, டீச்சர்." இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அப்பாக்களும் படிக்க வேண்டும்.

முதலில் எங்கள் பக்கத்துக் குறை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, தண்ணீரே குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொள்ளும் பெண்கள் நிறைய. அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்குவார்கள். கழிப்பறைக் கதவுகளுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டுவிட்டோம். பாடம் நடக்கும்போது கேட்டாலும் அனுமதி மறுக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மற்றது உங்கள் வீட்டுக் காலைப்பொழுதில் இருக்கிறது. சாப்பிட்டவுடன் குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றோ, உடல் இளைக்க வேண்டும் என்றோ வெறும் வயிற்றோடு கிளம்பும் பெண்ணுக்கு அந்த உந்துதலே வருவதில்லை. கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் அவளுக்கென்று இருக்கட்டும். கழிப்பறைக் கதவைத் தட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. மலம் இறுகாமல் இருக்க நார்ச்சத்து உதவும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் மட்டுமே இருக்கும் டப்பாக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், கொத்தவரங்காய் அல்லது அவரைப் பொரியல், விதையோடு ஒரு கொய்யா: இவை விலை அதிகமானவை அல்ல. வடிகட்டிய பழச்சாற்றில் நார் தங்காது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடட்டும்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்குக் குடல் மந்தமாவது இயல்பு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாந்தியோடு கடும் வயிற்றுவலி இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேதி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இது பற்றித் தனியாகப் பேச விரும்புவோர் பள்ளி நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை