வண்டியை உயர்த்தினால் பின் ஆக்சில் நகரும்

ஐயா,

ஜிம்னி போன்ற ஜீப் வகை வண்டிகளில் பின் ஆக்சிலைப் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது ஒரே ஒரு பான்ஹார்டு ராடுதான்; இந்தக் கம்பியின் ஒரு முனை சேஸிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்), மறுமுனை ஆக்சிலிலும் பூட்டியிருக்கும். பட்டறைகள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வண்டியை உயர்த்தித் தருவது தவறு. உதாரணமாக, 900 மி.மீ. ராடின் ஆக்சில் முனை ஏற்கெனவே 100 மி.மீ. தாழ்ந்திருக்க, வண்டியை இன்னும் 50 மி.மீ. தூக்கினால், ராடு சேஸிஸில் பூட்டிய பக்கமாக ஆக்சில் 7 மி.மீ. நகர்ந்துவிடும், அந்தப் பக்க டயர் வெளியே துருத்தும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு, சமதளத்தில் இருபுறமும் சேஸிஸிலிருந்து டயர்வரை அளந்து சரிசெய்ய வேண்டும்.

ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் ட்ரெய்லிங் ஆர்மின் சரிவு, வண்டியை உயர்த்துவதால் கூடினால், வளைவில் வண்டி சாயும்போது பின் ஆக்சில் தானே திரும்பும். இது ஆபத்து.

இந்த ராடு, ஆர்ம் இவற்றின் போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நின்றபின்தான் முழுதாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் அவற்றின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

– வாசகர், கோயம்புத்தூர்