முதலில் ஆன்டெனாவைப் பார்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மகளுக்கு,

நிலம் நகர்வதை அளக்கும் உன் ஜி.பி.எஸ். நிலையத்தின் கிராஃப் பார்த்தேன். கிழக்கே 4 மி.மீ., உயரத்தில் 11 மி.மீ., ஒரே நாளில் எகிறியிருக்கிறது. அவசரப்பட்டு நிலநடுக்கம் என்று எழுதிவிடாதே, கண்ணு. பக்கத்து ஜி.பி.எஸ். நிலையங்களையும் திறந்து பார். நிலம் நகர்ந்திருந்தால் அவையும் அதே நாளில் நகர்ந்திருக்கும். தூரம் போகப் போக அளவு குறைந்துகொண்டே வரும். உன் நிலையம் மட்டும் துள்ளியிருந்தால் மண்மேல் பழி போடாதே.

2011 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஓஷிகா நிலையம் 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய், 1.2 மீட்டர் கீழேயும் இறங்கியது. அதற்கு யாரும் சந்தேகப்படவில்லை. நீ இருக்கும் போர்ட் பிளேரும் 2004-இல் கிட்டத்தட்ட 1 மீட்டர் தாழ்ந்த ஊர்தான். சிப்பிகாட் வயல்களில் கடல் நின்றது அதனால்தான். மில்லிமீட்டர் கணக்குதான் ஆளை ஏமாற்றும்.

உயரம் அதிகம் எகிறியிருப்பதால் என் சந்தேகம் ஆன்டெனா மேல். சிக்னல் போய்ச் சேரும் மையப்புள்ளி வகைக்கு வகை மாறும். ஆன்டெனாவை மாற்றிவிட்டு மென்பொருளில் பழைய வகையையே விட்டிருந்தால் உயரம்தான் முதலில் பொய் சொல்லும். மேலே கவிழ்க்கும் கூட்டை மாற்றினாலும் இதே கதை.

அடுத்து ஆன்டெனா கேபிளின் கனெக்டர். காசிமேட்டுப் பக்கம் ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆகும் என்று உனக்குத் தெரியாததா? உப்பு உள்ளே இறங்கினால் சிக்னல் பலம் குறைந்து, தூரத்தை அளக்கக் கருவி எண்ணிக்கொண்டே வரும் அலை எண்ணிக்கை அறுபடும். முதல் அலைவரிசையில் ஓர் அலையே 19 செ.மீ., ஒன்று தவறினாலே கணக்கு அவ்வளவு பிசகும். ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்று. பொழுது சாய்ந்தபின் மட்டும் அறுபட்டால் கனெக்டரைத் திட்டாதே, அது அயனிமண்டலத்தின் வேலை. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது தீராத தலைவலி. இரண்டு அலைவரிசையைச் சேர்த்தால் அது சிக்னலுக்கு உண்டாக்கும் தாமதம் கழியும், அறுந்த எண்ணிக்கை ஒட்டாது.

ஆன்டெனாவை மொட்டைமாடியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. 10 மீட்டர் கான்கிரீட் 10 டிகிரி சூடேறினால் சுமார் 1 மி.மீ. வளரும். பாறை கிடைத்தால் துளைபோட்டு எஃகுக் கம்பி இறக்கி, அதன்மேல் வை.

அந்த நாளின் பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஆன்டெனா உயரத்தைச் சாய்வாக அளந்தார்களா, நேராக அளந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

அப்பா