“முதியோருக்கு உகந்தது” என்று ஒட்டுவதற்கு முன்: கோவை வீட்டுச் சாதனத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும், அவர்களுக்காக ஆய்வு நடத்தும் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

பம்புக்கும் கிரைண்டருக்கும் பெயர் பெற்ற ஊர்க்காரர்கள் நீங்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தொழில் தெரியாதவர்களுக்குப் பாடம் நடத்த இதை எழுதவில்லை.

உங்களில் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக் குழு சென்ற ஆண்டு பெருந்துறையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் அவர்களுக்கே தெரியும். மூத்தோருக்காக வடிவமைக்கும் இண்டக்சன் அடுப்பை, முதுமை மறதி உள்ள என் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு சம்மதித்தோம். அடுப்பைச் சமையலறையில் வைக்காமல் கூடத்து மேசையில் வைத்தார்கள். எதிரே கேமரா. பாலைக் காய்ச்சும்போது மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டார்கள்.

மஞ்சள் வெட்ட வரும் ஆட்களுக்கெல்லாம் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் போட்டவர் அவர். அடுப்பைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், குறிப்பெடுத்த பெண்ணிடம் “சாப்பிட்டாயா கண்ணு?” என்று கேட்டார். அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டாள். புறப்படும்போது, அத்தையின் பதிவை ஆய்வில் சேர்க்க முடியாது, அவரிடமிருந்து கிடைத்தது ஒழுங்கான தரவு அல்ல என்றார்கள்.

இப்போது அதே அடுப்பு ஈரோட்டுக் கடைகளுக்கு வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் சிரிக்கிறார். “முதியோருக்கு உகந்தது” என்று பொன்னிற எழுத்து. என் நாத்தனார் அம்மாமேல் உள்ள பாசத்தில் அதை வாங்கிவந்துவிட்டார். எந்த முதியோருக்கு உகந்தது என்று கேட்கத்தான் இந்த மடல். உகந்ததாக இல்லாத முதியோரை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களே. கோடையில் குடையைச் சோதித்துவிட்டு நனையாது என்று விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அந்த அடுப்பு எங்கள் வீட்டில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அதன் முகம் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி. மறதி நோய் உள்ள பலருக்கு மினுங்கும் பரப்பு ஈரமாகவும், கருமையான பரப்பு பள்ளமாகவும் தெரியும். இது உங்கள் துறையில் புதிய செய்தி அல்ல. அத்தைக்குத் தண்ணீர் கொட்டிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. முந்தானையால் துடைக்கிறார். துடைக்கும்போது கை தொடுபொத்தான்கள் மீது படுகிறது. அடுப்பு கீச்சிடுகிறது. யாரோ வாசலில் மணியடிப்பதாக நினைத்துப் போய்க் கதவைத் திறக்கிறார். ஆளைக் காணாமல் திரும்பிவந்து மறுபடி துடைக்கிறார். இதற்குள், குழந்தைகள் தொட்டால் இயங்காதபடி பொத்தான்களை முடக்கும் “குழந்தைப் பூட்டு” போட்டுக்கொண்டுவிடுகிறது. அதைத் திறக்க எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லும் விளக்கப் புத்தகம் பெட்டியில் இல்லை. செல்பேசியால் படமெடுத்துப் படிக்கும் கட்டம் இருக்கிறது. பாலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் கடைசியில் “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்கிறார். தெரியாமல் இல்லை. பழைய கேஸ் அடுப்பின் திருகை இன்றும் அவர் கை தானாகத் தேடிப் போகிறது. அண்மையில் நடந்தது மறந்தாலும், கையில் நெடுங்காலம் பழகிய வேலை பலருக்குப் பிந்தித்தான் போகிறது. புதிய பொத்தானின் வரிசையைக் கற்பதுதான் முடியாது. முடிவதை விட்டுவிட்டு முடியாததைக் கேட்கும் பொருளைச் செய்துவிட்டு, தோல்வியை அவர் கணக்கில் எழுதுகிறீர்கள்.

கேஸ் அடுப்பைத் திறந்தபடி விட்டுவிடுவார் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. தானாக அணையும் வசதி வேண்டும்தான். ஆனால் குடும்பத்தாரை மட்டும் கேட்டால் நாங்கள் பூட்டைக் கேட்போம். அவர் காபி போடக் கேட்பார். இரண்டையும் கேட்டுவிட்டுச் செய்வதற்குத்தானே ஆய்வு?

வாய்விட்டுச் சொல்லச் சொல்வது, ஒரு வேலையிலேயே மனதை நிறுத்தத் திணறுகிறவருக்கு இரண்டாவது வேலை. முடிந்த பிறகு “எப்படி இருந்தது?” என்று கேட்டால் எது என்று அவருக்குத் தெரியாது. பேசாமல் பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். ஒரு நாள் நன்றாக இருப்பார், ஒரு நாள் இருக்கமாட்டார், மறுபடி வாருங்கள். மகன் கையெழுத்துப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் அவரிடமே சம்மதம் கேளுங்கள், முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு பொருள் பயன்படுத்த எவ்வளவு ஏற்றது என்பதை வரையறுக்கும் பன்னாட்டுத் தர விதியான ஐஎஸ்ஓ 9241-11 என்ன சொல்கிறது? குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில் எவ்வளவு பயனோடும் சிக்கனத்தோடும் நிறைவோடும் அடைகிறார் என்பதுதான் அளவுகோல். கூடத்து மேசை எந்தச் சூழல்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 43-ஆம் பிரிவு, எல்லோருக்குமான வடிவமைப்பில் நுகர்பொருள்கள் உருவாவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் அரசைத்தான் சொல்கிறது, உங்களை அல்ல என்பீர்கள். சரி, விற்பனைப் பிரிவுக்குப் பிடித்த மொழியில் சொல்கிறேன்: இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதி இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. சந்தை போதுமா?

அடுப்போடு நின்றாலும் பரவாயில்லை. தொலைக்காட்சி ரிமோட்டில் படம் பார்க்கும் பொத்தானைத் தவிர எல்லாம் இருக்கிறது. சிலிண்டர் பதிவு செய்ய ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறார்கள். எதற்கு எது என்று இளையவர்களுக்கே நினைவில் நிற்பதில்லை. பணம் எடுக்கும் இயந்திரம், யோசித்துக்கொண்டு நின்றால் கார்டைத் துப்பிவிட்டு அடுத்தவரை அழைக்கிறது. ஊரே சேர்ந்து கிழவிகளுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருக்கிறது. பொறுத்தருளுங்கள், இவை உங்கள் தயாரிப்புகள் அல்ல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மறதி நோய் உள்ளவர்களின் வீட்டில், அவர்கள் சமையலறையில், அவர்களையே வைத்துச் சோதித்து, அந்தப் பதிவுகளைத் தள்ளாமல் சேர்த்த பிறகே “முதியோருக்கு உகந்தது” என்று அச்சிடுங்கள். அதுவரை கடையில் இருக்கும் பெட்டிகளிலிருந்து அந்த வரியை நீக்கிவிடுங்கள். தாழ்மையான வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

மறுபடி ஆய்வுக்கு வருவதானால் எங்கள் கதவு திறந்திருக்கிறது. காலையில் வாருங்கள்; பொழுது சாய்ந்தால் அத்தைக்குக் குழப்பம் கூடிவிடும். கேமரா வேண்டாம். முன்பு வந்த அந்தப் பெண்ணையே அனுப்பினால் நல்லது, சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெருந்துறையிலிருந்து ஒரு மருமகள்