செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் குடியிருப்போர் நலச்சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பற்றி நாம் எழுதிய கடிதங்களின் விவரம் தனித்தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் இணையதளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன ஆண்டறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றியிருந்தோம். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், உங்க அறிக்கை என் போன்ல வெறும் படம்தான்" என்றார். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் செயலிகளான டாக்பேக்கைக் கைபேசியிலும், என்விடிஏவைக் கணினியிலும் அவர் வைத்திருக்கிறார். எழுத்து எழுத்தாக இருந்தால்தான் அவை ஒழுங்காக வாசிக்கும். ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவருக்கு நாம் எதையுமே தெரிவிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் அவரையே கூட உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டோம். பழைய அறிவிப்புகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகும். அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்? எல்லாவற்றையும், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றினோம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் இருந்ததைத் தமிழ் என்று திருத்தினோம். புகார்ப் படிவத்தில் எந்தக் கட்டம் பெயருக்கு, எது வீட்டு எண்ணுக்கு என்று கட்டங்களோடு சேர்த்துக் குறித்தோம். அனுப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவை எடுத்துவிட்டோம். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் இப்போது டேப் விசையை அழுத்தியே புகாரை அனுப்பிவிடுகிறார்.

வெளிர்சாம்பல் எழுத்தையும் கருமையாக்கினோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச நெறிமுறை. கண்ணாடி போட்ட பெரியவர்கள்தான் இதற்கு அதிகம் நன்றி சொன்னார்கள்.

இதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்பால் தவித்த ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணையவழிச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று 30.4.2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொதுக்குழு வீடியோக்களுக்கு இன்னும் வசன வரிகள் போடவில்லை. காது கேளாத உறுப்பினர்கள் காத்திருக்கிறார்கள். தமிழில் தட்டச்சு தெரிந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்; கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்